உசிக்கின் உச்சம் எது? 2018 குரூசர்வெயிட்டா, 2024 ஹெவிவெயிட்டா?

இடக்கை எழுதியது:

வெம்ப்ளியில் டேனியல் டுபுவா ஐந்தாவது ரவுண்டில் சாய்ந்த இரவு, அதாவது 2025 ஜூலை 19-லிருந்து, உக்ரைன் குத்துச்சண்டை வீரர் ஒலெக்சாண்டர் உசிக் பற்றிய எல்லாப் பேச்சும் ஆகப் பெரிய எடைப்பிரிவான ஹெவிவெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட்டிலேயே முடிகிறது. பிரிட்டன் வீரர்கள் ஜோஷ்வாவை இரண்டு முறை, ஃப்யூரியை இரண்டு முறை, டுபுவாவை இரண்டு முறை ஜெயித்தார். அந்த இரவோடு 24 சண்டை, 24 வெற்றி, 15 நாக் அவுட். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் 2013 முதல் 2018 வரை அவர் அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்டில் செய்ததை ஏதோ பயிற்சிக் காலம் போல ஒதுக்கிவிட்டுப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உசிக் செய்ததிலேயே ஆகக் கடினமான காரியம் 2018-லேயே முடிந்துவிட்டது என்பது என் கட்சி.

ஊர்களைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் முதல் உலகப் பட்டம், போலந்தின் க்ளோவாட்ஸ்கியிடமிருந்து, போலந்தின் க்தான்ஸ்க் நகரிலேயே. உசிக்குக்கு அது பத்தாவது தொழில்முறைச் சண்டைதான். 2017 செப்டம்பரில் ஜெர்மனியின் மார்கோ ஹுக், பெர்லினில். 2018 ஜனவரியில் லாட்வியாவின் மைரிஸ் பிரியெடிஸ், ரீகாவில். அதே ஆண்டு ஜூலையில் ரஷ்யாவின் முராத் காசியெவ், மாஸ்கோவில். நவம்பரில் டோனி பெல்லூ, மான்செஸ்டரில். பட்டம் கையில் இருக்கும் சாம்பியன் எதிராளியைத் தன் ஊருக்கு வரவழைப்பதுதான் வழக்கம். இவர் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் வாசலுக்கும் போனார். கூட்டம் அவர்களுடையது, சத்தம் அவர்களுடையது.

மாஸ்கோவில் என்ன நடந்தது? காசியெவ் அதுவரை தோற்றதே இல்லை, ஒரே குத்தில் ஆளைத் தூங்கவைக்கும் கை. 12 ரவுண்டில் அந்தக் கை உசிக் இருந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை. ரவுண்டில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9 என்ற கணக்கில் ஒரு ஜட்ஜ் 120-108 போட்டார், மற்ற இருவரும் 119-109. ரஷ்ய வீரருக்கு ரஷ்யாவிலேயே ஒரு ரவுண்டுக்கு மேல் தர முடியாத அளவு ஒருதலையான சண்டை. அந்த இரவு டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்ற நான்கு அமைப்புகளின் பட்டங்களும் ஒரே தோளில். குரூசர்வெயிட்டில் நான்கையும் ஒன்றாக வைத்திருந்த முதல் ஆள் அவர்தான். இதைவிடப் பெரிதாக அவர் பிறகு எதைச் செய்தார், சொல்லுங்கள்.

ரிங்சைடு எழுதியது:

இடக்கை, மாஸ்கோ சண்டையை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அழகு. ஆனால் அன்று ரிங்கில் இருந்த இருவரும் ஒரே எடைத் தராசில் ஏறி வந்தவர்கள். 200 பவுண்டு, நம் கணக்கில் 90.7 கிலோ. அதற்கு மேல் ஒரு பவுண்டு கூடக் கூடாது. ஹெவிவெயிட்டில் மேல் எல்லையே கிடையாது என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

எதிராளிகளின் எடையைப் பாருங்கள். 2020-ல் சிசோரா 116 கிலோ, உசிக் 98. 2021-ல் ஜோஷ்வா 109, உசிக் 100. 2024 மே மாதம் ஃப்யூரி 119, உசிக் 101. அதே ஆண்டு டிசம்பரில் ஃப்யூரி 127, உசிக் 102. அந்த டிசம்பர் சண்டையில் மட்டும் 25 கிலோ வித்தியாசம்! ஒரு மூட்டை அரிசியை இடுப்பில் கட்டிக்கொண்டு வரும் ஆளோடு 12 ரவுண்டு நிற்பது மாதிரி. உயரமும் அப்படித்தான். உசிக் 191 செ.மீ., ஃப்யூரி 206.

இன்னொன்று. குரூசரில் 16 சண்டையில் 12 பேரை நேரத்துக்கு முன்பே முடித்தவர், ஹெவியில் 8 சண்டையில் 3 முறைதான் அப்படி முடித்தார், அதில் இரண்டு டுபுவா. குத்தின் கனம் மேலே வரும்போது குறைந்துவிட்டது. ஆயுதத்தில் பாதியைக் கீழே வைத்துவிட்டு வந்தவர் அங்கேயும் எல்லாரையும் ஜெயித்தார். இதுதான் பெரியது.

பழைய கிளவுஸ் எழுதியது:

தம்பிகளா, இந்தப் பேச்சில் எவாண்டர் ஹோலிஃபீல்டின் பெயர் இன்னும் வராதது எனக்கு ஆச்சரியம். குரூசரிலிருந்து ஹெவிக்குப் போகும் இந்தப் பாதையை முதலில் வெட்டியவர் அவர்தான்.

குரூசர்வெயிட் என்ற பிரிவே புதியது. 1979-ல்தான் டபிள்யூ.பி.சி. அதைத் தொடங்கியது. அதற்கு முன்னால் 175 பவுண்டுக்கு மேல் போனால் நேராக ஹெவிவெயிட். 180 பவுண்டுக்காரர் 230 பவுண்டுக்காரரோடு மோத வேண்டும். ஆரம்பத்தில் 190 பவுண்டாக இருந்த எல்லை பிறகுதான் 200 ஆனது. நெடுநாள் அந்தப் பிரிவை யாரும் மதிக்கவில்லை. ஹெவிக்குப் போக முடியாதவர்கள் தங்கும் சத்திரம் என்று பேசினார்கள்.

1986 ஜூலையில் அட்லாண்டாவில் ஹோலிஃபீல்ட், டுவைட் முகமது காவியோடு 15 ரவுண்டு ஆடினார். ஹோலிஃபீல்டுக்கு அது 12-வது சண்டை. குள்ளமான காவி கீழே இருந்து அலை அலையாக வந்துகொண்டே இருந்தார். ஜெயித்த ஹோலிஃபீல்ட் அந்த ஒரே இரவில் 15 பவுண்டு போல உடல் நீரை இழந்து மருத்துவமனைக்குப் போனார். 1988 ஏப்ரலில் கார்லோஸ் டெ லியோனை முடித்து, அன்றைக்கு இருந்த மூன்று பட்டங்களையும் சேர்த்தார். உடனே மேலே கிளம்பினார். தனியாக உடற்பயிற்சி ஆசிரியர்கள், கணக்கான சாப்பாடு, மெதுவாக ஏற்றிய எடை. 1990 அக்டோபரில் லாஸ் வேகாஸில் 208 பவுண்டு ஹோலிஃபீல்ட், 246 பவுண்டு பஸ்டர் டக்ளஸை மூன்றாவது ரவுண்டில் ஒரே வலது கையால் படுக்க வைத்தார். அந்த டக்ளஸ்தான் எட்டு மாதம் முன்பு டோக்கியோவில் மைக் டைசனை வீழ்த்தியவர்.

எனவே "இரண்டு பிரிவிலும் மறுப்பில்லாத சாம்பியன்", அதாவது எல்லா அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாக வைத்திருந்தவர் என்று உசிக்கைச் சொல்லும்போது, அதே வரியில் ஹோலிஃபீல்டையும் வைக்க வேண்டும். உசிக் செய்தது நான்கு பெல்ட் காலத்தில், இவர் செய்தது மூன்று பெல்ட் காலத்தில். வித்தியாசம் அவ்வளவுதான்.

கடைசிமணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஃப்யூரி சண்டையிலிருந்துதான் நான் குத்துச்சண்டை பார்க்க ஆரம்பித்தேன், அதனால் ஒரு அடிப்படைக் கேள்வி. எடை கூட்டுவது என்றால் நன்றாகச் சாப்பிட்டு, ஜிம்மில் தூக்கினால் போதாதா? 91 கிலோவிலிருந்து 101 கிலோ, பத்துக் கிலோதானே. அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம்?

எழுபத்தைந்துகிலோ எழுதியது:

கடைசிமணி, நல்ல கேள்வி. நான் கல்லூரி நாட்களில் 75 கிலோ பிரிவில் ஆடியவன். உடம்பு சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில், 91 என்பது தராசில் ஏறும் அந்த ஒரு நிமிடத்து எண். தொழில்முறையில் எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். அதற்கு முந்தைய நாட்களில் உப்பைக் குறைத்து, தண்ணீரை நிறுத்தி, வியர்த்து வியர்த்து இறக்குவார்கள். தராசிலிருந்து இறங்கியதும் குடித்து, சாப்பிட்டு, மறுநாள் ரிங்குக்குள் வரும்போது பல கிலோ ஏறியிருக்கும். ஹெவிவெயிட்டில் அந்த வதை கிடையாது. உசிக் மாதிரி ஓட்டத்தை நம்பும் ஆளுக்கு, உடம்பு வற்றாமல் ரிங்குக்கு வருவது பெரிய வரம். மேலே போனதில் அவருக்குக் கிடைத்த லாபம் இது. இதை யாரும் சொல்வதில்லை.

நஷ்டம் எங்கே என்றால், கட்டிப்பிடிப்பில். எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒருமுறை 91-க்கு மேல் உள்ள ஒருவரோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டைக்கு விட்டார்கள். அவர் என்னை ஓங்கிக் குத்தவே இல்லை. நெருங்கியதும் முன்கையை என் பிடரியில் போட்டுச் சாய்ந்தார், அவ்வளவுதான். நான் அந்த எடையைத் தாங்கி நிமிர வேண்டும். இரண்டு ரவுண்டு முடிந்தபோது என் தொடை நடுங்கியது. குத்து வாங்கியதால் வந்த களைப்பு இல்லை, சுமந்த களைப்பு. ஃப்யூரி இதில் கைதேர்ந்தவர், அமெரிக்காவின் வைல்டரை இப்படித்தான் கரைத்தார். உசிக் மேல் அதைப் போட அவருக்கு வாய்ப்பே அமையவில்லை. கை வருவதற்குள் உசிக் பக்கவாட்டில் வெளியே போயிருப்பார்.

அப்புறம் கூட்டிய எடை. அந்தப் பத்துக் கிலோவும் காலுக்கு மேலேதான் உட்காரும். கால் அதே கால், நுரையீரல் அதே நுரையீரல். வேகமாக ஏற்றினால் எட்டாவது ரவுண்டில் மூச்சு திணறும். உசிக் ஏற்றிய விதத்தைப் பாருங்கள். 2019-ல் சிகாகோவில் முதல் ஹெவி சண்டைக்கு 215 பவுண்டு, சிசோராவுக்கு 217, ஜோஷ்வாவுக்கு 221, ஃப்யூரிக்கு 223.5, பிறகு 226, கடைசி டுபுவாவுக்கு 227. ஆறு வருடத்தில் 12 பவுண்டு. அவசரமே இல்லை.

ரிங்சைடு எழுதியது:

அந்த 223.5-ல் ஒரு கதை உண்டு. ரியாத்தில் எடை பார்த்தபோது உசிக் 233.5 பவுண்டு என்று முதலில் அறிவித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் கலங்கிப்போனோம், ஃப்யூரிக்காக வேகத்தை விட்டுக்கொடுத்து உடம்பை ஏற்றிவிட்டாரோ என்று. அப்புறம் திருத்தினார்கள், 223.5 என்று. பத்துப் பவுண்டு கூடினால் உசிக் உசிக்காக இருக்க மாட்டார் என்று பார்ப்பவர்களுக்கே தெரிந்திருந்தது.

நேர்கோடு எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்த்திசையில் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஹெவிவெயிட் உசிக்கின் பதிவில் கேள்விக்குறிகள் உண்டு. சிகாகோவில் எதிராளியாக வர வேண்டியவர் வேறு ஒருவர். அவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் சஸ் விதர்ஸ்பூன் கடைசி நேரத்தில் வந்தார். சிசோரா சண்டை பலர் நினைத்ததைவிட நெருக்கம், இரண்டு ஜட்ஜ்கள் 115-113 கொடுத்தார்கள். 2023-ல் வ்ரோட்ஸ்வாஃபில் டுபுவாவின் உடல் குத்தில் ஐந்தாவது ரவுண்டில் உசிக் விழுந்தார். நடுவர் அதைக் கீழ்க்குத்து, அதாவது கச்சைக்குக் கீழே விழுந்த தவறான குத்து என்றார், உசிக்குக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓய்வு கிடைத்தது. அந்தக் குத்து கச்சையின் கோட்டிலேயே விழுந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஃப்யூரியோடு முதல் சண்டை பிரிந்த தீர்ப்பு, மூன்று ஜட்ஜ்களில் ஒருவர் எதிராளிக்குக் கொடுத்தார். ஜோஷ்வாவோடு இரண்டாவதும் பிரிந்த தீர்ப்பு. மாஸ்கோவில் கண்ட மாதிரி எதிராளிக்கு ஒன்றுமே மிஞ்சாத இரவு ஹெவியில் எத்தனை? அந்த வகையில் நான் இடக்கை பக்கம்.

இடக்கை எழுதியது:

நேர்கோடு, ஆதரவுக்கு நன்றி, ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. டுபுவாவின் குத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயமான சந்தேகம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓய்வுக்குப் பிறகு என்ன நடந்தது? எட்டாவது ரவுண்டில் டுபுவா விழுந்தார், ஒன்பதாவதில் எழவில்லை. இரண்டு வருடம் கழித்து, அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து, 90,000 பேர் உட்காரும் வெம்ப்ளியில் ஐந்தே ரவுண்டில் முடித்தார்.

நெருக்கமான தீர்ப்பு குரூசரிலும் உண்டு. ரீகாவில் பிரியெடிஸ் சண்டையில் ஒரு ஜட்ஜ் 114-114, மற்ற இருவர் 115-113. ஒரு ரவுண்டு அங்கே இங்கே மாறியிருந்தால் மாஸ்கோவே நடந்திருக்காது. என்னைக் கேட்டால் உசிக்கை அதிகம் நெருக்கியவர் ஃப்யூரி அல்ல, பிரியெடிஸ்தான். காரணம், பிரியெடிஸுக்கும் அதே வேகக் கால்கள். ஹெவிவெயிட்டில் அவருக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்கவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எடை குறைவு என்பதற்காக அந்தப் பிரிவு எளிதாகிவிடாது.

ரிங்சைடு எழுதியது:

இடக்கை, நீங்களே என் வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஹெவிவெயிட்டில் அவர் செய்தது இதுதான்: பெரிய ஆட்களை குரூசர்வெயிட் வேகத்தில் ஆட வைத்தார். அவர்களோடு பலத்தில் மல்லுக்கட்டவில்லை. அவர்கள் மூச்சு வாங்கும் இடத்துக்கு அவர்களை அழைத்துப் போனார்.

ஜோஷ்வா முதல் சண்டையை ஒருமுறை காலை மட்டும் பார்த்துக்கொண்டு பாருங்கள். 2021 செப்டம்பர், டாட்டன்ஹாம் மைதானம், 60,000-க்கு மேல் கூட்டம். உசிக் போன்ற இடதுகைக்காரர் வலதுகைக்காரரோடு ஆடும்போது முன்னங்கால் யாருடையது வெளியே இருக்கிறது என்பதுதான் முதல் போர். வெளியே கால் வைத்தவரின் பின் கை நேராக உள்ளே நுழையும். உசிக் அந்தக் காலை ஒவ்வொரு முறையும் வெளியே கொண்டுபோய் வைத்தார். வலது கை ஜாப், அதாவது முன் கையால் போடும் சட்டென்ற நேர்க்குத்து, கண்ணை மறைக்கும், தோள் பொய்யாக அசையும், ஜோஷ்வா கையைத் தூக்குவார், அந்தத் தூக்கலுக்குப் பின்னால் இடது நேர்க்குத்து. வலிக்கும் குத்து அதில் சிலதான். ஆனால் ஜோஷ்வா ஒரு நொடிகூட மூளையை ஓய்வில் வைக்க முடியவில்லை. 12-வது ரவுண்டு முடியும்போது வலது கண் மூடிக்கொண்டு, கயிற்றில் சாய்ந்து நின்றார். மணி அடித்ததால் தப்பினார். 117-112, 116-112, 115-113.

மறு ஆண்டு ஜெத்தாவில் ஜோஷ்வா பாடம் படித்து வந்தார், உடம்பைக் குறிவைத்தார். ஒன்பதாவது ரவுண்டில் உசிக் தள்ளாடினார். எனக்கு அன்று உள்ளங்கை வியர்த்துவிட்டது. பத்தாவது ரவுண்டைத்தான் நான் உசிக்கின் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த மூன்று நிமிடம் என்று நினைக்கிறேன். முந்தைய ரவுண்டில் அடிவாங்கியவர் பின்வாங்காமல் முன்னே நடந்தார், அடுக்கடுக்காக அடித்தார். 35 வயதில், தன்னைவிடப் பெரிய ஆளுக்கு எதிராக. அந்த எஞ்சின் எந்த எடையிலும் யாரிடமும் இல்லை.

மருதாணி எழுதியது:

நீங்கள் எல்லாரும் தராசும் கணக்கும் பேசுகிறீர்கள், எனக்கு அந்த ஜெத்தா சண்டை வேறு காரணத்துக்காக முக்கியம். 2022 பிப்ரவரியில் போர் வந்தபோது உசிக் கீவ் நகரில் பிராந்தியப் பாதுகாப்புப் படையில் துப்பாக்கி ஏந்தி நின்றார். கீவுக்கு அருகில் உள்ள வோர்செலில் அவருடைய வீட்டுக்குள் ரஷ்யப் படையினர் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து வெளியே வந்து, சில மாதங்களில் உடம்பைத் தயார்செய்து, ஆகஸ்டில் ஜோஷ்வாவோடு 12 ரவுண்டு. ஒன்பதாவது ரவுண்டுக்குப் பிறகு பத்தாவதில் அவர் எங்கிருந்து எழுந்தார் என்று கேட்டால், கால்களையும் நுரையீரலையும் மட்டும் சொல்லி என்னால் நிறுத்த முடியாது.

மாஸ்கோவையும் அப்படித்தான் பார்க்கிறேன் இடக்கை அண்ணா. அவர் பிறந்த ஊர் கிரிமியாவின் சிம்ஃபெரோபோல். 2014-ல் அது ரஷ்யாவின் கைக்குப் போய்விட்டது. நான்கு வருடம் கழித்து அவர் ரஷ்யாவின் தலைநகரில், ரஷ்ய வீரருக்கு எதிராக, உக்ரைன் கொடியோடு நின்றார். நீங்கள் "ஒவ்வொருவர் வாசலுக்கும்" என்று ஒரு வரியில் கடந்தீர்கள். என் மனதில் அது அவ்வளவு சின்ன விஷயமில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியதும் ரிங்கிலேயே ஹோபக் ஆடினாரே, உக்ரைனியக் கோசாக்குகளின் அந்த நடனம், அதுவும் ஞாபகம் வருகிறது. 2008-ல் தன்னைத் தோற்கடித்த இத்தாலியின் ருஸ்ஸோவையே இறுதிப் போட்டியில் ஜெயித்த சந்தோஷம் அது.

எழுபத்தைந்துகிலோ எழுதியது:

மருதாணி ஒலிம்பிக் பேச்சை எடுத்ததால் ஒன்று சேர்க்கிறேன். ஹெவிவெயிட் உசிக்குக்கு 2019-ல் திடீரென்று வந்த உலகம் இல்லை. அமெச்சூர் காலத்தில் 91 கிலோவில் தங்கம் வென்ற பிறகு, வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் பாக்ஸிங் தொடரில் உக்ரைன் அணிக்காக 91-க்கு மேற்பட்ட பிரிவிலேயே ஆடினார். 2013-ல் அங்கே அவர் ஜெயித்தவர்களில் ஒருவர் ஜோ ஜாய்ஸ். பின்னாளில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கி, தொழில்முறையில் டுபுவாவையே வீழ்த்தியவர். ஆக, பெரிய உடம்போடு எப்படி ஆட வேண்டும் என்ற பாடம் குரூசருக்கு வருவதற்கு முன்பே அவரிடம் இருந்தது. 335 வெற்றி, 15 தோல்வி என்ற அமெச்சூர் பதிவுக்குள் இப்படி நிறைய ஒளிந்திருக்கிறது.

பழைய கிளவுஸ் எழுதியது:

மேலே போய்த் திரும்பி வந்தவர்கள் கதையையும் கடைசிமணி தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் பத்துக் கிலோவின் விலை புரியும்.

ராய் ஜோன்ஸ் ஜூனியர், 2003 மார்ச். 175 பவுண்டு எல்லை கொண்ட லைட் ஹெவிவெயிட்டின் ராஜா. 193 பவுண்டில் ஏறி, 226 பவுண்டு ஜான் ருயிஸிடமிருந்து ஒரு ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடுங்கினார். அற்புதமான இரவு. ஆனால் அங்கே தங்காமல், சேர்த்த தசையை எல்லாம் கரைத்து, அதே ஆண்டு நவம்பரில் மறுபடி 175-க்கு இறங்கினார். டார்வரிடம் திணறி ஜெயித்தார். அடுத்த மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் அவரைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு பழைய ஜோன்ஸை யாரும் பார்க்கவில்லை. அந்த ஏற்ற இறக்கம்தான் உடம்பைத் தின்றது என்பது என் எண்ணம்.

மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 1985-ல் லைட் ஹெவி சாம்பியனாக இருந்துகொண்டே லாரி ஹோம்ஸை ஜெயித்தார். ஹெவிவெயிட் சாம்பியன் ஹோம்ஸ் அன்று 48-0, அதாவது 48 வெற்றி, தோல்வியே இல்லை; இன்னும் ஒரு வெற்றி வந்தால் பழைய சாம்பியன் மார்சியானோவின் 49-0 கணக்கைத் தொடுவார். ஸ்பிங்க்ஸ் அதைத் தடுத்தார். மூன்று வருடத்தில் டைசன் அவரை 91 நொடியில் முடித்தார். டேவிட் ஹேய் குரூசரிலிருந்து போய் 2009-ல் ஏழடி வால்யூயெவிடம் பட்டம் எடுத்தார், 2011-ல் ஹாம்பர்க்கில் விளாடிமிர் க்ளிட்ச்கோவிடம் இழந்தார்.

என் ஹோலிஃபீல்டும் தப்பவில்லை. 1992 நவம்பரில் ரிட்டிக் போவ், 235 பவுண்டு. ஹோலிஃபீல்ட் 205. பத்தாவது ரவுண்டு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முதல் பாதியில் செத்துப் பிழைத்தவர், இரண்டாம் பாதியில் போவைத் திருப்பி அடித்தார். ஆனால் 30 பவுண்டு கூடுதலான ஆளோடு முகத்துக்கு முகம் நின்று கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் கணக்கு ஒரு நாள் தீர்க்கப்படும். அன்று முதல் தோல்வி.

முன்பு நான் இருவரையும் ஒரே வரியில் வைக்கச் சொன்னேன். சாதனைப் பட்டியலில் அது சரிதான். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வீரம் என்று எடுத்தால் ஹோலிஃபீல்ட். எடைப்பிரிவு தாண்டும் கலை என்று எடுத்தால் உசிக். பெரியவர்களின் விளையாட்டை இவர் ஏற்கவே இல்லை. 2025-ல் 38 வயதிலும் தோல்வி இல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நேர்கோடு எழுதியது:

ஃப்யூரி முதல் சண்டையின் கணக்கை இன்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஜட்ஜ்கள் கொடுத்தது: உசிக்குக்கு 115-112, உசிக்குக்கு 114-113, ஃப்யூரிக்கு 114-113. ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடியபோது, கயிறுதான் அவரை விழாமல் தாங்குகிறது என்று நடுவர் எண்ணிக்கை போட்டாரே, அதனால் ஃப்யூரி இழந்த ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் 114-113 என்பது 114-114 ஆகிவிடும். ஒன்று உசிக், ஒன்று ஃப்யூரி, ஒன்று சமம். மொத்தத்தில் டிரா. லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு யாரும் இல்லாமல் கிடந்த மறுப்பில்லாத சாம்பியன் நாற்காலி அன்றும் காலியாகவே இருந்திருக்கும்.

இதை உசிக்குக்கு எதிராகச் சொல்லவில்லை. நேற்று நான் பிரிந்த தீர்ப்புகளைக் குறையாகச் சொன்னேன். இன்று பார்க்கும்போது வேறு மாதிரி தெரிகிறது. நான்காவது முதல் ஏழாவது வரை ஃப்யூரி கை ஓங்கியிருந்தது. ஆறாவதில் கீழிருந்து மேலே வந்த அந்த அப்பர்கட் குத்தில் உசிக்கின் தலை பின்னால் போனது. 18 கிலோ கூடுதலான ஆள் நான்கு ரவுண்டு அடித்த பிறகு, எட்டாவதில் திரும்பி வந்து, ஒன்பதாவதில் அவரை விழும் நிலைக்குக் கொண்டுபோனார். மாஸ்கோவில் அவர் தொந்தரவே படவில்லை. இங்கே தொந்தரவுபட்டு ஜெயித்தார். எது பெரியது என்ற என் பதில் ஒரே நாளில் மாறிவிட்டது.

கடைசிமணி எழுதியது:

மிக்க நன்றி, இன்று இரவு நான் குரூசர் சண்டைகளை வரிசையாகப் பார்க்கப் போகிறேன். எதில் தொடங்கட்டும்?

ரிங்சைடு எழுதியது:

பிரியெடிஸ். பிறகு காசியெவ். பெல்லூவைக் கடைசியில் வையுங்கள்.

இடக்கை எழுதியது:

கடைசிமணி, ரிங்சைடு சொன்ன வரிசைதான் என்னுடையதும். பெல்லூ சண்டையை நேற்று நானும் மறுபடி பார்த்தேன்.

2018 நவம்பர் 10, மான்செஸ்டர். குரூசரில் உசிக்கின் கடைசி இரவு. பெல்லூ அவருக்கு இடமே கொடுக்காமல், அவர் கால் போகும் இடத்தை முன்கூட்டியே அடைத்து, பொறுமையாக ஆடினார். ஏழு ரவுண்டு முடிந்தபோது இரண்டு ஜட்ஜ்களின் அட்டையில் பெல்லூ முன்னால். நான்கு பெல்ட்டும் கைவிட்டுப் போகும் நிலை. ஆனால் ஏழாவதிலேயே பெல்லூவின் தோள் தாழ ஆரம்பித்துவிட்டது, வாய் திறந்திருந்தது. அவர் அடி வாங்கிக் களைக்கவில்லை, உசிக்கின் ஒவ்வொரு பொய் அசைவுக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தார். எட்டாவதில் இடது நேர்க்குத்து. பெல்லூ பின்னால் சாய்ந்து, தலை கீழ்க் கயிற்றில் கிடந்தது.

ரிங்சைடு, ஜோஷ்வாவின் 12-வது ரவுண்டு பற்றி நீங்களும், ஃப்யூரியின் ஒன்பதாவது ரவுண்டு பற்றி நேர்கோடும் எழுதியதைப் படித்துவிட்டு இதைப் பார்த்தபோது, மூன்றும் ஒரே சண்டை மாதிரி இருந்தது. எதிராளியின் எடைதான் மாறியது. நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வியை இப்போது அப்படியே கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று பிரியெடிஸ் சண்டையை ஒவ்வொரு ரவுண்டாக நானே மதிப்பெண் போட்டுப் பார்க்கப் போகிறேன், ஒலியை அணைத்துவிட்டு. கடைசிமணி, நீங்களும் போட்டு வையுங்கள். எனக்கு மூன்றாவது ரவுண்டில்தான் எப்போதும் சந்தேகம்.